விபத்தில்லாத இருபத்தொன்பது வருஷம்

வலது தோளைத் தூக்கினால் வலித்தது. தொங்கவிட்டால் அதைவிட வலித்தது. அதனால் அமிர்தநாதன் மடியில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நடுவில் அந்தக் கறுப்பு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கிய ஆம்பிளைபோல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இடது குச்சி நடக்கறதுக்குங்கப்பா. வலது குச்சி திரும்பிப் பாக்கறதுக்கு. இந்தப் பட்டன் அடிக்கறதுக்கு," என்றாள் மகள் ஜோவிதா. ஆபீசுக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அணைக்கறதுக்கு எது?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேப்பா."

"எந்த மெஷினா இருந்தாலும் முதல்ல அணைக்கறது எதுன்னு கேட்டுக்கோணும் அம்மணி. ஓட்டறது அப்புறம்."

"அதுக்கு மெனுவுக்குள்ள போய், கீழ வந்து, ஓகே குடுத்து... சாயங்காலம் வந்து சொல்றனுங்க." கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அமிர்தநாதனுக்கு வயது ஐம்பத்து மூன்று. போத்தனூரில் வாடகை வீடு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில், உருக்கிய இரும்பை லேடில் என்கிற பெரிய கரண்டி வாளியில் தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்றுகிற வேலை. இருபத்தொன்பது வருஷம். அந்தப் பவுண்டரியில் பத்து விரலும் முழுசாக இருக்கிற பழைய ஆட்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கேஷியர்.

விரலெல்லாம் தப்பித்தது, தோள் மாட்டிக்கொண்டது. இ.எஸ்.ஐ. டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இனிமேல் லேடிலைத் தொடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். இந்த நேரத்தில்தான் முதலாளி சுந்தரராஜுலு ரிமோட் கிரேன் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். இடுப்பில் பெல்ட்டோடு மாட்டிக்கொள்கிற பெட்டி, அதில் இரண்டு குச்சி, நடுவில் நிறுத்துவதற்கு ஒரு சிவப்பு பட்டன். நின்ற இடத்திலிருந்தே லேடிலை ஓட்டலாம். தோளுக்கு வேலையே இல்லை.

"சனிக்கிழமை டெஸ்ட்டு," என்றிருந்தார் முதலாளி. "அதுவரைக்கும் ஊட்ல இரு. நீயும் ஓட்டு, கிருபாசங்கரும் ஓட்டட்டும். யாரு நல்லா ஓட்டறீங்களோ அவங்களுக்குக் கிரேன். இல்லீன்னா அமிர்தம், கை தூக்க முடியாத ஆளை நான் எங்க வெச்சுக்கறது? நீயே ஒரு எடம் சொல்லு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அமிர்தநாதனும் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தார். அவருக்கும் இடம் ஒன்றும் தோன்றவில்லை.

கிருபாசங்கருக்கு இருபத்தாறு வயது, டிப்ளமோ. குச்சி வைத்த பெட்டிகளோடு வளர்ந்தவன். அமிர்தநாதன் விளையாடியதெல்லாம் பஸ்ஸில் போனில் கேரம் மட்டும். அப்பாவின் கட்டைவிரலுக்குப் பழக்கம் வரட்டுமென்று ஜோவிதாதான், கூட வேலை செய்யும் யுவஸ்ரீயிடமிருந்து இந்த விளையாட்டுப் பெட்டியை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்திருந்தாள். அதில் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது.

"ரொம்பக் கஷ்டமான பேய் கேமாம்ப்பா. முதல்ல எல்லாருமே சாவாங்கன்னு சொன்னா."

"எல்லாரும் சாவட்டும்," என்றிருந்தார் அமிர்தநாதன். "நான் சாவமாட்டேன்."

இப்போது டிவியில் நிலா வெளிச்சம். இடிந்த பெரிய தேவாலயம். மெழுகுவத்தி எரியும் நிலவறையில் ஒரு கல்பெட்டி திறந்து, கிழிந்த நீளக்கோட்டு போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் எழுந்தான். கையில் ஒன்றும் இல்லை. அவன்தான் தான் என்று அமிர்தநாதனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடது குச்சியைத் தள்ளினார். ஆள் சுவரில் போய் முட்டி, முட்டிய இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

கால்மணி நேரத்தில் படியேறி மேலே கொண்டுவந்து சேர்த்தார். பலிபீடத்துக்கு முன்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இரண்டு ஆள் உயரம். கறுப்பு அங்கி. கழுத்தில் சாவிக்கொத்து. கையில் சங்கிலி, சங்கிலி முனையில் போர்வெல் மோட்டார் அளவுக்கு ஒரு வெண்கல மணி.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி ஜெபமணி, "ஏனுங்க, நம்ம சர்ச்சுல மணியடிக்கற கோயில்பிள்ளை மாதிரியே இருக்கறாரு," என்றாள்.

"கோயில்பிள்ளைக்கு இத்தனை பல்லு இல்லை," என்றார் அமிர்தநாதன். ஏனென்றால் மணிக்காரன் அப்போது திரும்பியிருந்தான்.

"இருங்க சாமி, இருங்க, பட்டன் எதுன்னு பாத்துக்கறேன்," என்று அங்கிக்குரிய மரியாதையோடு சொன்னார். மணிக்காரன் இருக்கவில்லை. மணி ஒருமுறை சுழன்று வந்தது. திரையின் மேல்மூலையில் சிவப்பாக நீண்டிருந்த உயிர்க்கோடு பாதியாயிற்று. இன்னொருமுறை வந்தது. கோடு நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. மூன்றாவதாக மணி உயர்ந்தது.

அதற்குப்பிறகு நடந்ததை அமிர்தநாதன் யோசித்துச் செய்யவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் பவுண்டரியில் மணல் கலக்குகிற மிக்சரில் கூட வேலை செய்த பிரான்சிஸின் கை சிக்கியபோது, எல்லாரும் பிரான்சிஸைப் பிடித்து இழுத்தார்கள். இவர் ஒருவர்தான் எதிர்ப்பக்கமாக, மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடினார். பிரான்சிஸ் இன்றைக்கும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவது அந்த ஓட்டத்தால்தான். அதே ஓட்டம் இப்போதும் ஓடினார். ரிமோட் ஒருபக்கம், தலையணை ஒருபக்கம். மாடிப்படிக்கு அடியில் சுவரில் இருந்த மெயினை இடது கையால் சடாரென்று கீழே இழுத்தார்.

வீடு அமைதியாயிற்று. டிவி அணைந்தது. மின்விசிறி நின்றது. சமையலறையில் கிரைண்டர் ஒரு முனகலோடு ஓய்ந்தது. மாடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது. "யா அல்லா," என்று ஒரு குரல் கேட்டது.

"உளுந்து பாதியில நிக்குதுங்க," என்றாள் ஜெபமணி.

"ஒரு உசுரு போக இருந்துச்சு."

"யாரு உசுரு?"

அமிர்தநாதன் மெயினைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பெட்டி மறுபடி உயிர் பெற்று, ஆங்கிலத்தில் ஏதோ திட்டிவிட்டு, பழையபடி நிலவறையைக் காட்டியது. கல்பெட்டி திறந்தது. ஒல்லி ஆள் எழுந்தான். உயிர்க்கோடு முழுசாக இருந்தது.

"பாத்துக்க. ஆளு அடிபடாம நிக்கறான்."

அன்றைக்கு மட்டும் ஏழு தடவை மெயினை இழுத்தார்.

சாயங்காலம் ஜோவிதா வந்ததும் கேட்டாள். "எத்தனை தடவை செத்தீங்கப்பா?"

"ஒருதடவைகூட இல்லை."

அவளுக்கு அந்த விளையாட்டைப் பற்றி அப்பா அளவுக்குத்தான் தெரியும். யுவஸ்ரீக்கு போனில் செய்தி அனுப்பிப் பார்த்தாள். "உங்கப்பா சும்மா அளக்கறாருன்னு சொல்றாப்பா. அந்த மணிக்காரன்கிட்டச் சாவாதவங்க யாருமே இல்லையாம்."

"அவளைப் பவுண்டரிக்கு வந்து பாக்கச் சொல்லு. விபத்தில்லா நாட்கள்னு போர்டு மாட்டியிருக்கு. என் பக்கத்துல ஒரு நாளும் அதை அழிச்சுப் பூஜ்யம்னு எழுதுனதில்லை."

"யூடியூப்ல எப்படி விளையாடறதுன்னு போட்டிருப்பாங்க. பாத்துக்கறீங்களா?"

"சனிக்கிழமை டெஸ்ட்டுல யூடியூப் பாக்க விடுவாங்களா?"

ஜோவிதா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவளுக்கும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதுகுவலி இருந்தது. மெனுவைப் பற்றிச் சொல்லித் தருவதாகச் சொன்னது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை, மெயினைத் தொடக்கூடாது என்று ஜெபமணி சொல்லிவிட்டாள். கிரைண்டர் பெல்ட் நழுவியிருந்தது. பெட்டியின் பிளக்கோ பீரோவுக்குப் பின்னால் இருந்தது. கையை விட்டு எடுக்க அமிர்தநாதனின் தோள் மடங்கவில்லை. அதனால் பரணில் கிடந்த பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூசி தட்டி, ஆபீசுக்குக் கிளம்பிய ஜோவிதாவை விட்டு பிளக்கை அதில் மாற்றி, வயரை இழுத்துக் காலடியில் வைத்தார். சுவிட்ச் கட்டைவிரலுக்கு நேராக, கால் கட்டைவிரலுக்கு.

இரண்டு தடவை வேலை செய்தது. மணி உயரும், கால் அமுக்கும், ஆள் பிழைப்பான். மூன்றாவது தடவை மணிக்காரன் எதிர்பாராமல் தூணுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டதால், அமிர்தநாதன் கால்விரலால் அமுக்காமல் குதிகாலால் மிதித்துவிட்டார். எக்ஸ்டென்ஷன் பெட்டி விரிசல்விட்டது. நீலமாக ஒரு பொறி. டப்பென்று ஒரு சத்தம். மெயினில் பியூஸ் போயிற்று.

மாடியில் மறுபடி தொப்பென்றது. இந்தத் தடவை செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது.

ஆமினா பீவி வீட்டுக்காரம்மாள். அறுபத்தொரு வயது. கணவர் தவறிவிட்டார், மகன் அஃபான் ஷார்ஜாவில். மேலே தனியாக இருந்துகொண்டு, மோட்டார் வைத்த தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொடுப்பார். மகன் விட்டுப்போன அறையைத் தினமும் கூட்டித் துடைத்து, அங்கேயே அதிக நேரம் உட்கார்ந்திருப்பார் என்று ஜெபமணி பரிதாபமாகச் சொல்வாள்.

"ஏனுங்க தம்பி," என்றார் ஆமினா பீவி. "நேத்து ஏழு தடவை. இன்னிக்கு இது. நானும் எண்ணிட்டே இருக்கறனுங்க."

"மன்னிச்சுக்கங்க அக்கா. ஒரு சின்ன வேலை."

"எனக்குப் பெரிய வேலைங்க. கடைசி ஆளு. நாலு மாசமா ஒவ்வொருத்தரா முடிச்சு, இப்பத்தான் கடைசி ஆளுக்கு வந்திருக்கறேன். பாதி முடிக்கறேன், கரண்டை அணைச்சுப்போடறீங்க. மறுக்கா முதல்லருந்து."

ஜாக்கெட் தையலைப் பற்றி அமிர்தநாதனுக்கு எதுவும் தெரியாது. கரண்ட் போனால் தைத்ததெல்லாம் பிரிந்துவிடுமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. ஆமினா பீவியின் இரண்டு கட்டைவிரலிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"ஊசி ஏறிருச்சுங்களா அக்கா?"

ஆமினா பீவி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "ஆமாங்க. ஊசிதான்."

பாவமாக இருந்தது. இந்த வயதில் ராப்பகலாகத் தைத்துப் பிழைக்கிற மனுஷி. அவருக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு வழி செய்ய வேண்டும் என்று நினைத்து, புதன்கிழமை நஞ்சப்பனைக் கூப்பிட்டார். நஞ்சப்பன் வயரிங் ஆள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மெயினாக இருந்ததைப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெயினாக வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

"பழைய வயருங்க. எல்லாமே கறுத்துக் கெடக்குது. எது மேல போகுது, எது கீழ வருதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம்," என்றார் நஞ்சப்பன். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டதாகவும் அவரே சொன்னார். சுவரில் சாக்பீஸால் ‘மேல்’ என்றும் ‘கீழ்’ என்றும் எழுதிவிட்டு, கிணத்துக்கடவில் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அமிர்தநாதனுக்கு நம்பிக்கை வந்திருந்தது. மணிக்காரனை அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். வெறுங்கையால் முழங்காலில் ஒரு குத்து, ஓடு. இன்னொரு குத்து, ஓடு. மணிக்காரனின் உயிர்க்கோடு திரையின் அடியில் ரயில் தண்டவாளம்போல நீண்டு கிடந்தது. ஒரு குத்துக்கு ஒரு எறும்பளவு குறைந்தது. எறும்பு எறும்பாக ஒரு விரற்கடை குறைத்திருந்தபோது மணி வந்து முதுகில் விழுந்தது. உயிர் நகக்கண் அளவு. அமிர்தநாதன் ஓடினார். ‘கீழ்’ என்று எழுதியிருந்ததை இழுத்தார்.

மாடியில் தொப்பென்றது.

உள்ளே, தன் வீட்டு டிவியில், சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நஞ்சப்பன் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்த அதே நொடியில் கை ‘மேல்’ என்றதையும் இழுத்துவிட்டது. உள்ளே கிரைண்டர் நின்றது. இப்போது இரண்டு வீட்டிலும் கரண்ட் இல்லை. வாசலில் கையெல்லாம் மாவோடு ஜெபமணி. படியில் ஆமினா பீவி.

ஆமினா பீவி சத்தம் போடவில்லை. நான்கு படி மேலேயே நின்றுகொண்டு, சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்தையும் அமிர்தநாதனின் கையையும் பார்த்தார்.

"தம்பிங்க, இனியொருக்கா அந்த மெயின் மேல கை வெச்சீங்கன்னா, வர்ற ஒண்ணாந்தேதிக்கு வேற ஊடு பாத்துக்கங்க."

வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்போதுகூட ‘ங்க’வை விடாமல் சொன்னார். அதனாலேயே அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தெரிந்தது.

"வேலை போறதுக்கு முன்னாடி ஊடு போயிரும் போலிருக்குதுங்க," என்றாள் ஜெபமணி. அமிர்தநாதன் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜெபமணியையே மெயினாக வைத்தார். பீரோவை ஒரு முழம் நகர்த்தி, அந்தச் சந்துக்குள் அவளை நிறுத்தி, பிளக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "நான் ‘கரண்ட்’னு சொன்னாப் பிடுங்கிப்போடு. சொல்லாமப் பிடுங்காதே."

ஒரு கையில் பிளக்கும் மறுகையில் ஜெபமாலையுமாக நின்ற ஜெபமணி, மணிக்காரன் திரும்பும்போதே பிடுங்கினாள். இன்னொருமுறை, அவன் திரும்பப் போகிறான் என்று நினைத்தே பிடுங்கினாள். ஒருமுறை தெருவில் சிலிண்டர் வண்டிக்காரன் தட்டிய சத்தத்துக்குப் பிடுங்கினாள்.

"என்னால ஆவாதுங்க. அந்த மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை நிக்கமாட்டேங்குது."

அன்றைக்குக் கிடைத்த ஒரே லாபம், பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு இடுக்கு. அதற்குள் போய் நின்றுகொண்டால் மணிக்காரனால் வரமுடியாது. அவனுக்கும் தோள்தான் பிரச்சினை, நுழையவில்லை. வெளியே நின்று மணியை ஆட்டிக்கொண்டிருந்தான். அமிர்தநாதன் அந்த இடுக்குக்குள் நாற்பது நிமிஷம் நின்றார். வாரத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததுபோல் இருந்தது.

மத்தியானம் டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது, மேலே தளத்திலிருந்து ஏதோ பாட்டு இறங்கி வந்தது. பல குரல். பெரிய பூசையில் பாடுவதுபோல இழுத்து இழுத்து.

"ஜெபா, ஆமினாக்கா ஊட்ல லத்தீன் பாட்டு கேக்குது."

"ஆமினாக்கா ஊட்ல லத்தீன் பாட்டா? வலி மாத்திரைய ரெண்டுல இருந்து ஒண்ணாக் கொறைச்சுக்கங்க."

அவர் குறைத்துக்கொண்டார். தோள் மட்டும் கூடுதலாக வலித்தது.

சனிக்கிழமை பவுண்டரியில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். லேடிலுக்குப் பதில் மணல் நிரப்பிய பெட்டி. இந்தக் கோடியில் எடுத்து, மூன்று தூணைச் சுற்றிக்கொண்டு போய், அந்தக் கோடியில் வைக்க வேண்டும்.

கிருபாசங்கர் முதலில் ஓட்டினான். மூன்று நிமிஷம். இரண்டாவது தூணில் பெட்டி லேசாக உரசிக் கொஞ்சம் மணல் கொட்டியது. "சாரிங்க சார்," என்று சொல்லி, பின்னால் இழுத்து, நேராக்கி, கொண்டுபோய் வைத்துவிட்டான்.

அமிர்தநாதன் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். குச்சிகள் கைக்குப் பழகியிருந்தன. கட்டைவிரல் தானாகவே தெரிந்து நகர்ந்தது. வாரம் வீண் போகவில்லை என்று நினைத்தார். பெட்டி எழுந்தது. நகர்ந்தது. கொஞ்சம் ஆடியது.

சிவப்பு பட்டனை அமுக்கினார்.

கிரேன் நின்றது. ஆட்டம் அடங்கும்வரை நின்றார். மறுபடி போட்டார். பெட்டி ஆடியது. அமுக்கினார். முதல் தூணுக்கு ஒரு கஜம் இருக்கும்போது அமுக்கினார். தூணைத் தாண்டியபின், தாண்டிவிட்டோமா என்று பார்ப்பதற்காக அமுக்கினார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. டீ குடித்துத் தம்ளரும் திரும்பிப் போயிற்று. பதினேழு தடவை நிறுத்தி, இருபத்திரண்டு நிமிஷத்தில், ஒரு பொடி மணல்கூடச் சிந்தாமல் அமிர்தநாதன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்.

சுந்தரராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அமிர்தம், ஒரு பொட்டு சிந்தலை. ஒத்துக்கறேன். ஆனா இது மணலு. இரும்பா இருந்தா இந்நேரம் உறைஞ்சு, லேடிலும் உள்ள இருக்கறதும் ஒண்ணாப்போயிருக்கும்."

"ஆடுச்சுங்க. அதான் நிறுத்துனேன்."

"ஆடத்தான் செய்யும். அந்தப் பையன் இடிச்சான், பாத்தியா? இடிச்சதும் என்ன பண்ணோணும்னு அவனுக்குத் தெரியுது. உனக்கு அது தெரியுமான்னே எனக்குத் தெரியலை. நீதான் இடிக்கவே மாட்டேங்கறியே."

"இடிச்சுப் பழக்கமில்லீங்க."

முதலாளி அவருடைய தொங்கிய தோளையும், பத்து விரலையும் பார்த்தார். பெருமூச்சுவிட்டார்.

"இருபத்தொன்பது வருசம் இருந்துபோட்டே. திங்கக்கிழமை மறுக்கா ஒருக்கா ஓட்டு. சிவப்பு பட்டனைத் தொடக்கூடாது. இடிச்சாலும் பரவால்ல. தொட்டீன்னா, கிரேன் அவனுக்கு. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதே."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அமிர்தநாதன் சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தார். இன்றைக்கு அவருக்கு ஒன்று மட்டும் வேண்டும்: எதையும் அணைக்காமல் மணிக்காரனைச் சாய்த்துவிட வேண்டும். சாய்த்துவிட்டால் நாளைக்குச் சிவப்பு பட்டன் பக்கம் கை போகாது என்று தோன்றியது. ஜெபமணி பீரோச் சந்துக்குள் போகமாட்டேன் என்றாள். "பூசையில நன்மை அப்பம் வாங்கிட்டு வந்த கையிங்க. அந்த மூஞ்சிக்கெல்லாம் பிடுங்கமாட்டேன்."

குத்து, ஓடு. குத்து, ஓடு. அரைமணி நேரம். எறும்பு எறும்பாக இரண்டு விரற்கடை குறைத்துவிட்டார். ஜோவிதா சோற்றுத் தட்டோடு வந்து நின்று பார்த்தாள். "அப்பா, பிரமாதங்கப்பா," என்றாள். அந்தச் சொல்லுக்குத் திரும்பியதுதான் தப்பு. மணி வந்து இடுப்பில் விழுந்தது. இன்னொன்று தோளில், சரியாக வலது தோளில். நகக்கண் அளவு.

உருட்டிப்புரட்டி ஒல்லி ஆளைப் பலிபீட இடுக்குக்குள் கொண்டுபோய்ச் செருகினார். மணிக்காரன் வெளியே வந்து நின்றான். சங்கிலியை மெதுவாக ஆட்டினான். உள்ளே இருந்தால் எதுவும் முடியாது; வெளியே வந்தால் எல்லாம் முடியும்.

அமிர்தநாதன் ரிமோட்டைத் தலையணையில் வைத்தார். எழுந்து வெளியே வந்தார். மாடிப்படிக்கு அடியில் நின்றார். நஞ்சப்பன் இன்னும் வந்து மாற்றியிருக்கவில்லை. எதை இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை எழுந்து கைப்பிடியைப் பிடித்தது.

"வெச்சாச்சுங்களா கைய?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

ஆமினா பீவி படியில் நின்றிருந்தார். தொப்பென்ற சத்தத்துக்குக் காத்திராமல் இன்றைக்கு முன்னாலேயே இறங்கி வந்திருந்தார்.

அமிர்தநாதன் கையை எடுத்தார். ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது. "என்னால ஆவலீங்க அக்கா," என்றார். "ஆறு நாளாச்சு. நாளைக்கு டெஸ்ட்டு. கிரேன் கிடைக்கலீன்னா வேலை இல்லை. வேலை இல்லீன்னா, நீங்க சொல்லாட்டியும் ஊட்டைக் காலி பண்ணித்தான் ஆவோணும்."

"எதுக்கு இத்தனை நாளா அணைச்சு அணைச்சுப் போடறீங்க? அப்படி உள்ள என்னதானுங்க வேலை?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. கதவை நன்றாகத் திறந்து, டிவியைக் கையால் காட்டினார். ஜோவிதா தட்டோடு ஒதுங்கி நின்றாள். சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. இடுக்குக்குள் ஒல்லி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆமினா பீவி வாசற்படியிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

"என்னுங்க தம்பி, வெறுங்கையில நிக்கறான்?"

"வெறுங்கையிலதானுங்க குத்தறேன். ரெண்டு விரற்கடை கொறைச்சிருக்கறேன், பாருங்க. ஒரு கத்தி, கம்பு எதுவுமே குடுக்கலீங்க. தேடாத எடமில்லை."

"எத்தனை தடவை செத்தீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அமிர்தநாதன் தோள்வலியை மறந்து நிமிர்ந்தார். "ஒருதடவைகூட இல்லீங்க அக்கா. ஆறு நாள்ல ஒருதடவைகூட சாவலை. அதுக்குத்தானுங்க அந்த மெயினு."

ஆமினா பீவி, தப்பாக வெட்டிக் கொண்டுவந்த துணியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரலிலும் உரிந்து வந்திருந்த பிளாஸ்டரை அழுத்தி ஒட்டிக்கொண்டு, மாடிப்படி ஏறத் திரும்பினார்.

"அந்த மணிக்காரன் கையில ஒருக்கா செத்து விழுந்தாத்தானுங்க தம்பி கத்தியே குடுப்பாங்க; மேல அஃபான் பெட்டியில எனக்குக் கடைசி ஆளு காத்துட்டிருக்கறான், நான் போறேன், நீங்களும் மெயினை விட்டுப்போட்டு உள்ள போங்க, அவனுக்கு நீங்க இன்னும் ஒரு சாவு பாக்கி."